வெடிக்கிற எரிமலை முடிஞ்சுது

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பருத்தித்துறை பஸ் நிலையப் பக்கம் ஒருக்கால் போய்ப் பாருங்கள். கோயிலில் காணாத கூட்டம் கொம்யூனிக்கேசன் கடை வாசலில் நிற்கும். போட்டோக் கொப்பி மெசின் சூடேறி மணக்கும். வெட்டி எறிந்த றெஜிபோம் துகள் காற்றுக்குப் பறந்து, வடை சுடுகிறவரின் தாச்சி மட்டும் போகும்.

"தம்பி, எட்டாம் ஆண்டுக்கு எரிமலை இருக்கோ?"

"எரிமலை முடிஞ்சுது அக்கா. சூரிய குடும்பம் ரெண்டு கிடக்கு. ஒண்டில சனி கழண்டுபோச்சு, ஒட்டித் தாறன்."

"ரீச்சர் எரிமலைதான் எண்டு சொன்னவ."

"அப்ப நாளைக்குக் காலமை ஆறரைக்கு வாங்கோ, செய்து வைக்கிறன். வெடிக்கிறதோ, வெடிக்காததோ?"

"என்ன வித்தியாசம்?"

"வெடிக்கிறதெண்டால் அப்பச்சோடாவும் வினாகிரியும் சேத்து இருநூறு கூட."

எரிமலைக்குச் சொந்தக்காரனாகப் போகிற பிள்ளை பக்கத்தில் நின்று ஐஸ்பழம் சூப்பிக்கொண்டிருந்தது. வெடிக்க வேண்டுமா வேண்டாமா என்று அதனிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்துக் கலியாணப் பேச்சில் பொம்பிளையைக் கேட்டோமா என்ன?

நான் இளைப்பாறிய விஞ்ஞான வாத்தி. பேத்தியின் மழைக்காட்டுக்கு நிறப் பிரின்ற் எடுக்க அதே வரிசையில் நின்றேன். ஆகையால் இந்தக் கட்டுரையில் யாருக்கு ஏச்சு விழுந்தாலும் முதல் ஏச்சு எனக்கு.

பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் செயற்றிட்டம். கொஞ்சம் சிறியதென்றால் ஒப்படை. யார் இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தாரோ, தீர்க்கதரிசி. ஆசிரியர் பிள்ளையிடம் ஒப்படைக்கிறார். பிள்ளை தாயிடம் ஒப்படைக்கிறது. தாய் கடைக்காரத் தம்பியிடம் ஒப்படைக்கிறாள். தம்பி இப்போது சட்ஜிபிடியிடம் ஒப்படைக்கிறான். போன தவணை ஒரு பிள்ளையின் செயற்றிட்டம் "நிச்சயமாக! நீங்கள் கேட்ட செயற்றிட்டம் இதோ" என்ற வரியோடுதான் தொடங்கியது. அந்த வரிக்கும் சேர்த்து ரீச்சர் சரி போட்டிருந்தார். ரீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அதை வாசித்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

எரிமலைக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல். உலகம் அழியும் மட்டும் இங்கே எரிமலை வரப்போவதில்லை. முழு இலங்கையிலும் ஒன்று கிடையாது. ஆனால் அந்தச் சுண்ணக்கல்லுக்குள்ளே, உப்புத் தண்ணீருக்கு மேலே, ஒரு நன்னீர்ப் படை மிதந்துகொண்டிருக்கிறது. அதுதான் நாங்கள் குடிக்கிற கிணறு. கோடையில் கூட இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். தும்பளையில் ஒரு வீட்டுக் கிணறு நல்ல தண்ணி, நாலு வளவு தள்ளி வாயில் வைக்க ஏலாத உவர். ஏன்? ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு போத்தலோடு போய்ப் பத்துக் கிணற்றுத் தண்ணீரை மாசத்துக்கு ஒருக்கால் அளந்தால், மழைக்கு முன்னும் பின்னும் எழுதி வைத்தால், அதற்குள் புவியியல் இருக்கிறது, இரசாயனம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, எந்த வளவுக்காரர் இரவிரவாக மோட்டர் போடுகிறார் என்ற குடியியலும் இருக்கிறது. கடைசி விஷயம்தான் சிக்கல். எரிமலை யாரையும் காட்டிக் கொடுக்காது.

அமெரிக்காவில் கில்பாற்றிக் என்றொரு பேராசிரியர் 1918 இல் செயற்றிட்ட முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கூத்தெல்லாவற்றுக்கும் பாட்டன் அதுதான். அதில் அவர் காட்டிய உதாரணம் ஒரு பெண்பிள்ளை தைக்கிற சட்டை. அவளே மனம் வைத்து, அவளே திட்டம் போட்டு, அவளே தைத்தால் அது செயற்றிட்டம் என்றார். எங்கள் ஊரில் துணி வாங்குகிறது தகப்பன், வெட்டுகிறது தாய், தைக்கிறது கடைக்காரன். போட்டுக்கொண்டு போய்ப் பரிசு வாங்குகிறது பிள்ளை. சட்டை அளவில்லை என்பதை மேடையில் யாரும் பார்க்கிறதில்லை.

கருத்தரங்குக்கு வருகிற பணிப்பாளர்மாருக்கு அமெரிக்கா பழசு. அவர்கள் பின்லாந்தில் இருந்துதான் பேசத் தொடங்குவார்கள். பின்லாந்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள கலைத்திட்டம், பல பாடங்களையும் சேர்த்துச் செய்கிற ஒரு படிப்பாவது வருசத்துக்கு இருக்க வேண்டும் என்கிறது. ஒன்று. இங்கே பாடத்துக்கு ஒன்று, தவணைக்கு ஒன்று. ஒன்பது பாடம், மூன்று தவணை: ஒரு பிள்ளைக்கு வருசத்துக்கு 27 எரிமலை. 40 பிள்ளை உள்ள வகுப்பில் 1080. பூமியில் இருக்கிற எரிமலைகள் வெட்கப்பட வேண்டும். ஐந்து வகுப்புக்குப் பாடம் எடுக்கிற ஒரு ரீச்சரின் மேசையில் தவணைக்கு 200 கோப்பு வந்து குவியும். அவர் அதை நிறுத்துப் பார்த்துத்தான் புள்ளி போட வேண்டும், வாசித்துப் போட ஏலாது. அங்கே வாத்தியாராக வர முதுமாணிப் பட்டம் வேண்டும் என்பதையும், வந்தபின் அவரை நம்பி விட்டுவிடுகிறார்கள் என்பதையும் பணிப்பாளர் சொல்வதற்குள் தேநீர் வந்துவிடும்.

இங்கே ரீச்சர் டிமைத்தாளைத் தன் காசில் வாங்குகிறார். 2021 இல் சம்பள முரண்பாட்டுக்காக மூன்று மாதத்துக்கு மேல் ஆசிரியரும் அதிபரும் பணிப்புறக்கணிப்புச் செய்த நாடு இது. 2022 மார்ச்சில் தாளுக்குப் பஞ்சம் வந்து மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். பரீட்சைக்குத் தாளில்லாத நாட்டில் எரிமலைக்கு மட்டும் தட்டுப்பாடு வரவில்லை, ஏனென்றால் அதன் செலவு திறைசேரியில் இல்லை, தாயின் கைப்பையில் இருக்கிறது. இலவசக் கல்வி என்று கன்னங்கரா 1945 இல் தொடக்கி வைத்ததை இப்படி அப்பச்சோடா விலையில் நாங்கள் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இதில் இன்னொரு பகிடி, பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று இதற்கெல்லாம் போடுகிற புள்ளி சாதாரண தரப் பெறுபேற்றை ஒரு சொட்டும் கூட்டாது, குறைக்காது. தனியாக ஒரு மூலையில் அச்சாகிக் கிடக்கும். தாய்மாருக்கு அது தெரியும். தெரிந்தும் இருநூறு கூடக் கொடுத்து வெடிக்கிறதை வாங்குகிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையினுடையது வெடித்துவிடக் கூடும் என்று.

சரி, எப்போதும் இப்படித்தானா? அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நான் 1972 இல் ஆறாம் வகுப்பு. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்து புதிய முறை கொண்டுவந்த வருசம். சாதாரண தரத்தைத் தூக்கிவிட்டு என்.சி.ஜி.ஈ. என்றார்கள், 1975 இல் முதற் தொகுதியாக எழுதியவர்களில் நானும் ஒருவன். அதில் தொழில்முன்னிலைப் பாடம் என்று ஒன்று இருந்தது. ஊரில் என்ன தொழில் நடக்கிறதோ அதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மீன்பிடி வந்தது. படிப்பிக்க விட்டது கணக்கு வாத்தியாரை. பாவம், கடற்கரை இல்லாத ஊர் மனுசன், கடலில் கால் நனைத்தவரில்லை. வலையின் பாகங்களைக் கரும்பலகையில் கீறினார். நாங்கள் கொப்பியில் கீறினோம். யன்னலால் பார்த்தால் நூறு யாரில் ஒரு கிழவர் மண்ணில் குந்தியிருந்து உண்மையான வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவரை உள்ளே கூப்பிட வேண்டுமென்று கொழும்பில் இருந்து ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை. பரீட்சைக்கு வந்தது: வலையின் பயன்கள் மூன்று தருக.

என் ஐயா படலையில் நின்று சத்தம் போட்டார். "வலை பொத்தவோ உவனைப் பள்ளிக்கூடம் அனுப்பினனான்?"

அந்தச் சத்தத்தை அப்போது முட்டாள்தனம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அதே அமைச்சு, அதே ஆண்டுகளில், பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தலையும் கொண்டு வந்தது. ஒரு கையால் புள்ளியை உயிர்ப் பிரச்சினையாக்கிவிட்டு, மறு கையால் தும்பையும் வலையையும் நீட்டினால் எந்தத் தகப்பன் வாங்குவான்? தமிழ்நாட்டில் 1953 இல் ராஜாஜி பிள்ளைகளை அரை நாள் பள்ளிக்கூடத்துக்கும் மிச்ச நேரம் தகப்பன் தொழிலுக்கும் விடப் பார்த்தார். குலக்கல்வி என்று சனம் கொதித்தது. அடுத்த வருசமே காமராஜர் வந்து அதைத் தூக்கி எறிந்தார். செய்து பார்த்துப் படி என்று மேலே இருப்பவன் சொல்லும்போது, நீ அங்கேயே இரு என்றுதான் கீழே இருப்பவனுக்குக் கேட்கிறது. காது பழுதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், சொன்னால் ஊரில் கோபிப்பார்கள். பரீட்சைத் தாளில் பிள்ளைக்குப் பெயர் இல்லை, சுட்டெண்தான். எங்கேயோ இருந்து திருத்துகிறவருக்கு அது எந்தத் தெருப் பிள்ளை, யாருடைய பிள்ளை என்று தெரியாது. சுட்டெண்ணுக்குச் சாதி கிடையாது. செயற்றிட்டத்துக்கு முகம் இருக்கிறது, முகவரி இருக்கிறது, தகப்பனின் தொழில் இருக்கிறது. முகம் பார்த்து வடை கொடுக்கிற ஊரில் முகம் பார்த்துப் புள்ளி போட மாட்டார்கள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அந்தப் பயத்துக்கு மருந்து கண்டுபிடிக்காமல் மகரகம கல்வி நிறுவகத்தில் இருந்து எத்தனை வழிகாட்டி நூல் அச்சடித்தாலும் முனைக் கடற்கரைப் பக்கத்துத் தாய் பரீட்சையைத்தான் நம்புவாள்.

எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் படிப்பு எப்படிப் போனது என்பதற்கு ஒரே ஒரு பெயர்ப்பலகை போதும். இங்கிருந்து கரையோரமாக மேற்கே, வல்வெட்டித்துறை தாண்டினால் தொண்டைமானாறு. அங்கே வெளிக்கள நிலையம். என்ன அழகான பெயர்! கடல்நீரேரியும் உப்புக்காற்றும் கொக்கும் நாரையும் இருக்கிற இடத்தில் களத்தில் இறங்கிப் படிக்கிற நிலையம். உயர்தரம் படிக்கிற எந்தத் தமிழ்ப் பிள்ளையையும் கேளுங்கள், வெளிக்களம் என்றால் என்ன என்று. மாதிரி வினாத்தாள் என்று சொல்லும். நிலையத்தில் பிழையில்லை. யுத்த காலம் முழுக்க எத்தனையோ பிள்ளைகளை அந்தத் தாள்கள் கரையேற்றியிருக்கின்றன. களம் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை, தாள் வேண்டும் என்று எல்லாரும் கேட்டோம்.

இப்போது மறுபடியும் சீர்திருத்தம். 2026 இல் முதலாம் தரமும் ஆறாம் தரமும் என்றார்கள், மொடியூல் என்றார்கள், மனனம் ஒழிந்தது என்றார்கள். ஆறாம் தர ஆங்கில மொடியூல் அச்சாகி வந்ததும் அதற்குள் பிள்ளைகள் பார்க்கக் கூடாத ஓர் இணையத்தளத்தின் முகவரி இருந்தது. நாடே கொதித்தது. ஆறாம் தரம் 2027 க்குத் தள்ளிப் போயிற்று. எங்கேயோ இருந்து எடுத்து ஒட்டி, வாசித்துப் பார்க்காமல் ஒப்படைத்திருக்கிறார்கள். எங்கள் கடைக்காரத் தம்பி செய்கிற அதே வேலை. அவனென்றால் சனியைத் திருப்பி ஒட்டித் தருவான்.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

போன வருசம் ஒரு பள்ளிக்கூடத்தில் செயற்றிட்டக் கண்காட்சி. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். இளைப்பாறிய வாத்தி என்று என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். குத்துவிளக்கு, மாலை, வரவேற்பு நடனம். மேசை மேசையாக எரிமலை, சூரிய குடும்பம், மழைக்காடு, காற்றாலை. ஒவ்வொரு பிள்ளையும் செந்தமிழில் ஒப்புவித்தது. நடுவில் ஒரு கேள்வி கேட்டால் முதலில் இருந்து திரும்பத் தொடங்கியது. நன்றியுரைகளில் அதிபருக்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நன்றி இருந்தது. கடைக்காரத் தம்பிக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை, நன்றி கெட்ட உலகம்.

கடைசி மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கதிரை. கதிரையில் அறுந்த நைலோன் வலைத்துண்டு ஒன்று, கொஞ்சம் நாறியது. அதற்குமேல் ஒரு சீ.ஆர். கொப்பி. பக்கத்தில் எட்டாம் தரப் பெடியன் ஒருவன், கடற்கரைப் பிள்ளை, சப்பாத்துக்குச் சோக் பூசி வெள்ளையாக்கியிருந்தான்.

கொப்பியைத் திறந்தேன். முன்பாதி தாயின் கடன் கணக்கு: அரிசி, மண்ணெண்ணெய், அடகு. பின்பாதியில் ரூளால் கோடிழுத்து ஐந்து நிரல். திகதி. காற்று: சோழகம், வாடை, கச்சான். வலை போட்ட இடம். வெளிச்சம் கண்டதா. எத்தனை துண்டு போனது. சங்கத்தில் முறைப்பாடு கொடுக்கக் கணக்கு வேண்டுமென்று தகப்பன் தொடங்கியது. பிறகு இவன் பிடித்துக்கொண்டான். விடிய தகப்பன் கடலால் வந்து வலையைக் கரையில் போட, இவன் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்று எழுதியிருக்கிறான். பத்து மாதக் கணக்கு.

"என்ன கண்டுபிடிச்சனி?" என்று கேட்டேன்.

"கிழமையில மூண்டு இரவுதான் சேர் கூட அறுறது. திங்கள், புதன், சனி. அண்டைக்குத்தான் இந்திய றோலர் வாறது." ஒரு பக்கத்தைப் புரட்டினான். "இதைப் பாருங்கோ சேர். ஏப்ரல் பதினைஞ்சில இருந்து யூன் பதினாலு மட்டும் ஒண்டும் அறேல்லை. காற்று மாறியிருக்குமோ எண்டு பாத்தனான். இல்லை. பிறகு மாமாதான் சொன்னவர், அங்கால தமிழ்நாட்டில அந்த 61 நாளும் தடையாம். றோலர் வராது."

முப்பது வருசம் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று கரும்பலகையில் எழுதியவன் நான். இரண்டு சாடி, இரண்டு செடி, ஒன்றுக்கு வெளிச்சம், மற்றதற்கு இருட்டு. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை மாற்றாதே. அந்த முப்பது வருசத்தில் என் மாணவன் ஒருவன்கூடத் தானாக ஒன்றைக் கண்டு எனக்குக் காட்டியதில்லை. இவன் காற்றையும் இடத்தையும் விலக்கிவிட்டு, இரண்டு அரசாங்கங்களின் கடலை வைத்துப் பரிசோதனை செய்து கொண்டுவந்திருந்தான்.

பொறுப்பாசிரியர் என் காதுக்குக் கிட்ட வந்தார். "சேர், நான் அவனுக்கு 'மீன்களும் அவற்றின் பயன்களும்' எண்டுதான் குடுத்தனான். இது அரசியல். விருந்தினர் வாற நேரம் தேவையில்லாத கதை வரும். படமும் ஒண்டும் இல்லைத்தானே."

றோலர்கள் இழுக்கிற இழுவைமடியை இந்த நாட்டில் 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் தடை செய்திருக்கிறது. நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட விஷயம் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் அரசியல். மேடைக்கு வந்த பிரமுகர் தமிழ்நாட்டோடு எங்களுக்குள்ள தொப்புள்கொடி உறவு பற்றிப் பத்து நிமிடம் பேசினார், அது அரசியலில்லை. தொப்புள்கொடி எந்தெந்த இரவில் வலையை அறுக்கிறது என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை கோடிழுத்து எழுதினால் அதுதான் அரசியல்.

புள்ளித்தாள் என் கையில் இருந்தது. அட்டை 10, முன்னுரை 10, படங்கள் 20, நேர்த்தி 20, நன்றியுரை 10, உள்ளடக்கம் 30. அட்டை இல்லை. முன்னுரை இல்லை. படம் இல்லை. நன்றியுரை இல்லை. நாற்றத்தோடு நேர்த்திக்கு எவ்வளவு போட? நான் கூட்டிப் பார்த்தேன். 38 வந்தது. எரிமலைக்கு 94. கையெழுத்துப் போட்டேன். வாத்தியாருடைய கை அல்லவா, நடுங்காது. பிறகு குழுப் படத்துக்கு நின்றேன். எரிமலை பிரமுகருக்கு முன்னால் வெடித்தது, எல்லாரும் கைதட்டினார்கள், வினாகிரி அவருடைய வேட்டியில் கொஞ்சம் தெறித்தது. நாள் முழுக்க எனக்குக் கிடைத்த சந்தோசம் அது ஒன்றுதான்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனபோது இந்தக் கதையைத் தம்பியிடம் சொன்னேன். அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டான். மேசை மேசையாகப் போன பெரியவர்கள் ஒருவரும் கேட்காத கேள்விகளைக் கேட்டான். எத்தனை மாதக் கணக்கு? தடை நாள் தனியாக எழுதியிருக்கிறானோ?

"அண்ணை, அந்தக் கொப்பியை ஒருக்கா வாங்கித் தாறியளே? ஸ்கான் பண்ணி, நாலு றோலர் படமும் போட்டு, அட்டையும் அடிச்சா சுப்பராப் போகும். எரிமலை எல்லாருக்கும் அலுத்துப்போச்சு. பெடியனுக்கும் ஏதும் குடுப்பம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போனேன். முனைப் பக்கம், வெளிச்சவீடு தெரிகிற ஒழுங்கை. பெடியன் திண்ணையில் இருந்தான். மடியில் அதே கொப்பி, ரூள், நீலப் பேனை. என் 38 ஐ முன்பக்கத்தில் யாரோ சிவப்பில் எழுதியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் தாய் சீனியும் தேயிலையும் கணக்குப் போட்டிருந்தாள். பின்பாதியில் கண்காட்சி நாளுக்குப் பிறகும் நிரல்கள் ஓடியிருந்தன. அன்று காலைத் திகதிக்கு நேரே மூன்று துண்டு.

கொப்பியை இரண்டு நாளைக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். கொடுக்கவில்லை.

"இன்னும் முடியேல்லை சேர்" என்றான்.